துத்தநாக பேட்டரிக்கு எந்தப் பிரிப்பான்: கண்ணாடி இழையா, தாவர இழையா?

துத்தநாக பேட்டரி செய்து பார்க்கிறவர்கள் நேர்மின்முனைக்கு என்ன பொருள் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மாங்கனீசு டையாக்சைடா, வனேடியமா, எந்த வெப்பநிலையில் சுடுவது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதுகிறார்கள். இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் வைக்கும் பிரிப்பானுக்கு மட்டும், அலமாரியில் ஏற்கெனவே கிடக்கும் கண்ணாடி இழைத் தாளை வட்டமாக வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். செல் அற்பாயுசில் செத்தால் பழி துத்தநாகத்தின் தலையில் விழுகிறது.

எந்த செல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் மாங்கனீசு டையாக்சைடு பூசிய முனை, நடுவில் லிட்டருக்கு 2 மோல் துத்தநாக சல்ஃபேட் கரைந்த தண்ணீர். 2012-ல் சிங்குவா பல்கலைக்கழகத்தின் ஷென்சென் வளாகக் குழு ஒன்று இந்த வகை வேதியியலைத் 'துத்தநாக அயனி பேட்டரி' என்ற பெயரில் வெளியிட்டதிலிருந்து ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது இதுதான். கரைசல் லேசான அமிலம். பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையில். தீப்பிடிக்காது, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் செய்ய வேண்டியதில்லை. வீட்டுச் சூரியத் தகட்டின் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது போன்ற, எடை அவ்வளவாக உறுத்தாத வேலைகளுக்கு ஏற்றது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி செல்லுக்கு, 30 முதல் 50 மைக்ரான் தடிமனில், இழைகள் நெருங்கிப் படிந்த தாவர இழைத் தாள்தான் என் தேர்வு. ஆனால் செல்லுலோஸ், அதாவது தாவர இழையின் மூலப்பொருள், என்று பெயர் போட்டு விற்பதெல்லாம் ஒன்றல்ல. சில கரைசல்களில் அதைத் தொடவே கூடாது. அதற்கும் வருகிறேன்.

துத்தநாகம் கெடுவது எப்படி என்று தெரிந்தால்தான் தாளை எடைபோட முடியும். மின்னேற்றும்போது, கரைசலில் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் சேர்த்துக்கொண்டு திரியும் துத்தநாக அயனி, தகட்டருகே வந்ததும் அவற்றை உதறிவிட்டு உலோகமாகப் படிகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்தால் தொல்லையே இல்லை. எங்காவது ஒரு நுனி துளி மேடாக இருந்தாலும் மின்புலம் அங்கே குவிகிறது; அடுத்த அயனியும் அங்கேயே வந்து விழுகிறது; மேடு மேலும் மேடாகிறது. துத்தநாகம் அறுகோணச் செதில்களாக வளரும் உலோகம். செதில் தகட்டோடு படுத்து வளர்ந்தால் நல்லது. செங்குத்தாக நின்றால் கத்தி முனை. கூடவே, உதறிய தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயுவாகப் பிரிகிறது. அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, துத்தநாக ஹைட்ராக்சைடு சல்ஃபேட் என்ற வெள்ளைப் பொருக்கு தகட்டை மூடுகிறது. ஆக, பிரிப்பானிடம் நாம் கேட்பது மூன்று: அயனிகளைப் பரவலாக, சீராக அனுப்ப வேண்டும், வளரும் செதிலுக்கு வழிவிடக் கூடாது, தேவைக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கக் கூடாது.

கண்ணாடி இழை காட்டும் பொய்க் கணக்கு

ஆய்வுக்கூடங்களில் அதிகம் காணப்படுவது வாட்மன் ஜிஎஃப்/டி ரகம். அது வடிகட்டுவதற்காகச் செய்த தாள், பேட்டரிக்காக அல்ல. தடிமன் 675 மைக்ரான், துளை 2.7 மைக்ரான், ஒரு சதுர சென்டிமீட்டர் தாளின் எடை 12 மில்லிகிராம். துத்தநாகத்தின் பக்கம் கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் துத்தநாகம் 820 மில்லி ஆம்பியர் மணி தரும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் மணி ஏற்றி இறக்கினால் உண்மையில் வேலை செய்யும் துத்தநாகம் 1.2 மில்லிகிராம், தடிமனில் 1.7 மைக்ரான். அதைக் காவல் காக்கும் தாள் அதைப்போலப் பத்து மடங்கு எடை. போதாததற்கு, தாளில் 93 சதவீதம் வெற்றிடம். அது நிரம்ப 60 மைக்ரோலிட்டருக்கு மேல் கரைசல் வேண்டும், எடையில் ஏறக்குறைய 80 மில்லிகிராம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 40 மைக்ரான் தடிமனுள்ள காகிதம் என்றால் 3 மைக்ரோலிட்டருக்குள் முடிந்துவிடும்.

எடை மட்டும்தான் குறை என்றால் மன்னித்துவிடலாம். இந்தத் தாள் சோதனை முடிவையே அழகுபடுத்திக் காட்டுகிறது என்பதுதான் என் மனத்தாங்கல். ஹைட்ரஜனாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தாலும், அவ்வளவு கரைசல் கையிருப்பில் இருக்கும்போது செல்லுக்கு அது உறைப்பதில்லை. பக்கத்தில் 100 மைக்ரான் தடிமனில் துத்தநாகத் தகடு வேறு. அதன் கொள்ளளவு சதுர சென்டிமீட்டருக்கு 58 மில்லி ஆம்பியர் மணி. அதில் 1 மட்டும் எடுத்துத் திருப்பி வைத்தால் பயன்படுவது 2 சதவீதம்கூட இல்லை. பெட்டி நிறையப் பணம் வைத்துக்கொண்டு தினமும் ஒரு ரூபாய் தொலைப்பவன் ஏழையாவதற்கு வெகுகாலம் ஆகும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது என்று வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது, தகட்டின் தடிமனையும் கரைசலின் அளவையும் முதலில் தேடுங்கள். அவை இல்லாவிட்டால் அந்த மணிக்கணக்குக்கு மதிப்பில்லை.

ஓடி முடித்த நாணய செல்லை, அதாவது சோதனைக்காக நாணய வடிவில் கட்டிய சிறு செல்லை, பிரித்துப் பார்த்தால் மற்றது விளங்கும். கண்ணாடி இழைத் தாளை இடுக்கியால் உரித்தால் முழுதாக வராது. பாதி கையோடு வரும். மீதி வெள்ளைப் பஞ்சாகத் துத்தநாகத்தில் பதிந்து நிற்கும். இழைகளுக்கு நடுவே உலோகம் புகுந்து வளர்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. உரித்த பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால், அவை தாளுக்குள் ஏறிய துத்தநாகம். அந்தத் தாள் ஈரத்தில் கூழ் மாதிரி. விரலால் அழுத்தினால் பிய்ந்துவிடும். செதிலைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை; தூரத்தை மட்டும்தான் கூட்டுகிறது.

இன்னொரு வலை இருக்கிறது. இரண்டு பக்கமும் துத்தநாகம் வைத்துச் சோதிக்கும் செல்லில், மெல்லிய உலோக நூல் ஒன்று எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் மின்னழுத்தம் சுழியத்துக்கு விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மின்னழுத்த வேறுபாடு கொஞ்சம் குறைந்து, வரைபடக் கோடு வழவழவென்று செவ்வக வடிவில் ஓடத் தொடங்கும். பார்ப்பவருக்கு செல் நன்றாகப் பழகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் உள்ளே பாதி மின்சாரம் நூல் வழியே கசிகிறது. எந்தத் தாளைப் போட்டாலும் நடுநடுவே மின்மறிப்பை (மாறுதிசை மின்னோட்டத்துக்கு செல் காட்டும் எதிர்ப்பை) அளந்து, அது திடீரென்று சரிந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஆயுளைப் பற்றிப் பேசாதீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டாலும், புதிய நேர்மின்முனைப் பொருள் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும் முதற்கட்டச் சோதனைக்குக் கண்ணாடி இழை போதும். ஆயுளைப் பற்றிய முடிவுக்கு வேண்டாம்.

லித்தியத்திலிருந்தும் எரிபொருள் செல்லிலிருந்தும் வந்தவை

பாலிபுரோப்பிலீன் படலம் எடுத்த எடுப்பிலேயே கவர்ச்சியாகத் தெரியும். செல்கார்டு 2400 ரகம் 25 மைக்ரான்தான்; துளைகள் மைக்ரானுக்கும் கீழ்; லித்தியம் பேட்டரிகளுக்காகப் பெருமளவில் தயாராவதால் மலிவு. ஆனால் அது கரிமக் கரைப்பானுக்குப் பிறந்த பிள்ளை. தண்ணீர்க் கரைசலை ஒரு சொட்டு விட்டால் முத்தாக உருண்டு நிற்கும். ஈரம் ஏற, சோப்புப் போன்ற மேற்பரப்புக் காரணி பூசிய 3501 ரகம் உண்டு. பூச்சு நிலைக்கும்வரை நன்றாக நனையும். அது கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனால் ஆங்காங்கே உலர்ந்த திட்டுகள் வரும். மின்னோட்டம் ஈரமான இடங்களில் குவியும். சீராகப் பரப்புவதற்குப் போட்ட தாளே குவியலை உண்டாக்கும். காகிதத்தோடு சேர்த்து ஒரு தடுப்பாகப் போடுவதானால் சரி. தனியாக வேண்டாம்.

நாஃபியான் வேறு சாதி. 1960-களில் டுபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய, சல்ஃபோனிக் தொகுதிகள் கொண்ட ஃபுளூரின் பாலிமர்; எரிபொருள் செல்களில் புரோட்டானைக் கடத்தப் பயன்படுவது. எதிர் அயனியான சல்ஃபேட்டைத் தள்ளிவிட்டுத் துத்தநாகத்தை மட்டும் விடும். வெள்ளைப் பொருக்கு குறைய இது நல்ல குணம். விலையோ சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான டாலர். இரட்டை மின்சுமை கொண்ட துத்தநாகம் அந்த சல்ஃபோனிக் தொகுதிகளில் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்வதால், புரோட்டானுக்கு இருக்கும் வேகம் இங்கே கிடைக்காது. அழியாத ஃபுளூரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த 2023-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிவு கொடுத்திருக்கின்றன. நாஃபியானும் அந்தக் குடும்பம்தான். மலிவு என்பதற்காகத் துத்தநாகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் நாஃபியான் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தாவர இழை: ஒரே பெயரில் நான்கு பொருள்கள்

துத்தநாகத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது. 1800-ல் வோல்ட்டா, முதல் பேட்டரியான தன் அடுக்கில், துத்தநாகத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே வைத்தது உப்புநீரில் நனைத்த அட்டை. அந்தக் காலத்து அட்டை கந்தல் துணியிலிருந்து, அதாவது ஆளி, சணல் போன்ற நாரிலிருந்து வந்தது. சாதாரண டார்ச் செல்லைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துத்தநாகக் குவளையின் உட்சுவரில் மாவுப் பசை பூசிய காகிதம் ஒட்டியிருக்கும். 1941-ல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஆந்த்ரே, திரும்ப மின்னேற்றக்கூடிய வெள்ளி–துத்தநாக பேட்டரியைச் சாத்தியமாக்கியது செல்லோஃபேன் தாளால்தான். அதுவும் மரக்கூழிலிருந்து வருவதுதான். எனவே இதைப் புதுமை என்று விற்க வேண்டியதில்லை. புதிதாக நடந்திருப்பது, இழையின் மேற்பரப்பை வேதியியலால் சீரமைக்கக் கற்றுக்கொண்டிருப்பது.

செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் கண்ணியிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. தண்ணீரை இழுக்கும், துத்தநாக அயனியோடும் லேசாகக் கை கோக்கும். அயனியைச் சூழ்ந்த ஆறு தண்ணீர் மூலக்கூறுகளில் சிலவற்றை வழியிலேயே கழற்ற இது உதவுகிறது. தகட்டருகே தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் ஆவது குறைகிறது. ஹைட்ராக்சிலைக் கார்பாக்சிலாக மாற்றினால் இழைக்கு எதிர்மின்சுமை வந்து, நாஃபியான் செய்கிற சல்ஃபேட் விரட்டும் வேலையில் ஒரு பகுதியைச் சொற்பச் செலவில் இதுவும் செய்யும்.

வடிதாள் எல்லாக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. அதிலும் எதை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். வாட்மன் கிரேடு 1-ன் துளை 11 மைக்ரான். கண்ணாடி இழையைவிடப் பெரிய ஓட்டை. தாவர இழையைச் சோதித்தோம், பயனில்லை என்று சொல்கிறவர்கள் இதைத்தான் போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிரேடு 42-ன் துளை 2.5 மைக்ரான், தடிமன் 200 மைக்ரான், எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.007 சதவீதத்துக்கும் கீழ். அளவறி பகுப்பாய்வுக்காக அமிலத்தில் கழுவி உலோக மாசு நீக்கிய தாள். காசு கொஞ்சம் கூட. ஆனால் இன்றே தொடங்க வேண்டும் என்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை.

நான் முதலில் சொன்ன 30–50 மைக்ரான் தாள், மின்தேக்கிகளுக்காகச் செய்யும் காகிதம். ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் இருக்கும் நிப்பான் கோடோஷி நிறுவனம் இதில் பேர்போனது. கையால் காகிதம் செய்யும் மரபு ஊறிய மண் அது. மணிலா நார், எஸ்பார்ட்டோ புல் போன்றவற்றிலிருந்து மெல்லிய, அடர்ந்த தாள் எடுக்கிறார்கள். மணிலா நார் நம் வாழையின் உறவுக்காரத் தாவரத்திலிருந்து வருவது. அலுமினிய மின்தேக்கியில் துளி குளோரைடு இருந்தாலும் அரிக்கும் என்பதால், இந்தக் காகிதம் ஏற்கெனவே சுத்தமாகக் கழுவப்பட்டுத்தான் வருகிறது. நீளச் சுருளாகக் கிடைக்கிறது, இயந்திரத்தில் ஓட்டலாம். தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு இதுவே வழி.

நானோ இழைப் படலம்தான் ஆய்விதழ்களின் செல்லப்பிள்ளை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு 2006 வாக்கில் காட்டிய, டெம்போ என்ற வினையூக்கியைக் கொண்டு செய்யும் ஆக்சிஜனேற்ற முறையில் மரக்கூழ் 3, 4 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகப் பிரிகிறது; 2015-ல் அதற்கு, வனத்துறை சார்ந்த ஆய்வுக்கான மார்க்குஸ் வாலன்பெர்க் பரிசும் கிடைத்தது. வலு அபாரம். ஊசி நுழைய இடமில்லாத அடர்த்தி. கஷ்டம் உலர்த்துவதில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது இழைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிடும். துளைகள் மூடி, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் தாள் மிஞ்சும். பார்க்க அழகு, அயனி நகர வழி இல்லை. தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலை மாற்றி உலர்த்தலாம், உறைய வைத்து உலர்த்தலாம், எல்லாம் செலவு. மெல்லிய கூழைச் சல்லடையில் வடிகட்டவே மணிக்கணக்கில் ஆகும். ஆகவே முழுப் படலமாகச் செய்யாமல், கிரேடு 42 போன்ற ஒரு தாளின் துத்தநாகம் பார்க்கும் முகத்தில் மட்டும் நானோ இழையை மெல்லப் பூசுவது எனக்குப் பிடித்த வழி. துத்தநாக அயனிகளே கார்பாக்சில்களைப் பிணைத்து, அந்தப் பூச்சை ஈரத்தில் இறுக்கிவிடுகின்றன.

நான்காவது செல்லோஃபேன். அது கார செல்களுக்கானது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊதி, துத்தநாகம் கரைந்து மறுபக்கம் போவதைத் தடுக்கும். வெள்ளி–துத்தநாக செல்லில் வெள்ளி அயனிகளைத் தானே வாங்கிக்கொண்டு மெல்ல அழியும்; அதனால்தான் பல சுற்று சுற்றுகிறார்கள். சல்ஃபேட் கரைசலில் அதற்கு வேலை இல்லை.

தாவர இழை எங்கே ஆகாது

அடர்ந்த துத்தநாகக் குளோரைடு கரைசலில் கண்டிப்பாக ஆகாது. அது செல்லுலோஸை ஊத வைத்துக் கரைத்துவிடும். 1859-ல் இங்கிலாந்தில் தாமஸ் டெய்லர் காகிதத்தைத் துத்தநாகக் குளோரைடில் தோய்த்து ஒட்டித்தான் வல்கனைஸ்டு ஃபைபர் என்ற கெட்டி அட்டையைச் செய்தார். தண்ணீரைவிட உப்பே மிகுந்த குளோரைடு கரைசல்களை முயல்பவர்கள் இதை மறந்துவிட்டால், தாள் பசையாகிவிடும். புரோமின் இருக்கும் செல்லும் அப்படித்தான். அது செல்லுலோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும். அங்கே பாலிஎத்திலீன் படலமே வழக்கம்.

ஈர வலு இன்னொரு குறை. எதுவும் சேர்க்காத காகிதம் நனைந்தால் உலர்ந்தபோதிருந்த வலுவில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. உலர்ந்த நிலையில் சுற்றிவிட்டுப் பிறகு கரைசல் ஊற்றினால் பிரச்சினை இல்லை. நனைத்துவிட்டுச் சுற்றுவதானால் ஈரத்தில் பிய்யாமல் காக்கும் ரெசின் (பிசின்) சேர்த்த தாள் வேண்டும்.

கண்ணாடி இழையிலிருந்து மெல்லிய காகிதத்துக்கு மாறும்போது கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. 3.2 மில்லிமீட்டர் உயரமுள்ள சிஆர்2032 நாணய செல்லில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தாளை எடுத்துவிட்டு 40 மைக்ரான் தாளை வைத்தால், உள்ளே தளர்ந்துவிடும். எதிர்ப்பு ஏறும், செல் தாறுமாறாக நடக்கும்; காகிதம் மோசம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்னொரு எஃகு வட்டு வைத்து இடைவெளியை நிரப்புங்கள். காகித வட்டத்தையும் மின்முனையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். மெல்லிய தாள் நனைந்ததும் ஓரம் சுருளும். அங்கேதான் முதல் குறுக்குச்சுற்று வரும்.

மக்கிப்போகும், பசுமையானது என்ற பேச்சைத் தேர்வுக்குக் காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டு ஓடப்போகும் செல்லில் அந்தத் தாளின் எடை என்ன பெரிய எடை? மறுசுழற்சியில் எரித்துவிடலாம் என்பது வசதிதான், அவ்வளவே.

உள்ளூர் நாரில் தாங்களே தாள் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருத்திக் கழிவில் செல்லுலோஸ் 90 சதவீதத்துக்கும் மேல்; அதனால் வேலை சுலபம். வாழை நாரிலும் கரும்புச் சக்கையிலும், இழைகளை ஒட்டிவைக்கும் லிக்னின் கணிசம். காரத்தில் வேகவைத்து, வெளுத்தெடுக்க வேண்டும். கரும்புச் சக்கையில் நல்ல காகிதம் வரும் என்பதைக் கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலை பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. ஆனால் எழுதும் தாளுக்கும் பேட்டரித் தாளுக்கும் நடுவே நிற்பது இரும்பு. மண்ணிலிருந்தும் அரைக்கும் இயந்திரத்திலிருந்தும் நாரில் ஏறும் இரும்பு, நிக்கல் போன்றவை துத்தநாகத்தின் மேல் படிந்தால், அந்தப் புள்ளிகளில் ஹைட்ரஜன் சுலபமாக வெளியேறும், செல் ஊதும். டார்ச் செல் செய்தவர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த தொல்லை இது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பலமுறை கழுவினால் பெரும்பாலும் போய்விடும். போயிற்றா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றில் உங்கள் தாளையும் மற்றதில் கிரேடு 42 தாளையும் சுற்றி, தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் துத்தநாக சல்ஃபேட் கரைசலில் ஒரு வாரம் மூழ்கவிடுங்கள். உங்கள் தாளைச் சுற்றிய துண்டில் மட்டும் குமிழிகள் கூடுதலாக ஒட்டியிருந்தால், செல் கட்டும் வேலையை நிறுத்திவிட்டு நாரை மீண்டும் அமிலத்தில் போடுங்கள்.